'பட்டிக்காட்டான்' முதல் 'ஹில்பில்லி' வரை: கிராமத்து ஆட்களைக் கேலி செய்யும் சொற்கள் எப்படிப் பிறந்தன?

"என்னடா, பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி பார்க்குற?"

மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் முன்னால் முழித்தபடி நின்றாலோ, மாலில் எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தயங்கினாலோ உடனே வந்து விழும் வார்த்தை இது. பலரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சிலர் சொல்லியும் இருப்பார்கள்.

இது தமிழில் மட்டும் இருக்கும் பழக்கம் இல்லை. நகரம் என்று ஒன்று உருவான இடத்தில் எல்லாம், நகரத்துக்கு வந்து சேர்ந்த கிராமத்து மனிதரைக் கிண்டல் செய்ய ஒரு சொல்லும் உருவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொற்களின் பட்டியல் ரொம்பவே நீளம். அவற்றின் வேரைத் தோண்டினால், பெரும்பாலானவை முதலில் திட்டே இல்லை. சில, ஒருவர் செய்த வேலையின் பெயர். சில, ஒருவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர்.

அது எப்படித் திட்டாக மாறியது? அதனால் யாருக்கு என்ன இழப்பு?

2,300 ஆண்டுகளுக்கு முந்தைய கிண்டல்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தவர் தியோபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர். மனிதர்களின் விதவிதமான குணங்களைக் கேலியாக வர்ணித்து அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் 'அக்ரோய்கோஸ்'. வயல்காட்டு ஆள் என்று பொருள்.

அவர் செய்யும் தப்புகள் என்னென்ன? காலுக்குப் பெரிய செருப்பு போடுகிறார். சத்தமாகப் பேசுகிறார். வாசனைத் தைலத்தைவிடக் காட்டுச் செடியின் வாசனை ஒன்றும் குறைச்சல் இல்லை என்கிறார். தெருவில் எதைப் பார்த்தாலும் அசராதவர், ஒரு மாட்டையோ கழுதையையோ கண்டால் அப்படியே நின்றுவிடுகிறார். மிட்டாய்க் கடைக்குப் பதில் மாடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு 'குற்றமும்' உண்டு. நகர சபையில் பேசிய விஷயங்களை எல்லாம் இவர் தன் வயலில் கூலி வேலை செய்பவர்களிடம் போய்ச் சொல்லிவிடுகிறாராம். அரசியலைக் கூலிக்காரனிடம் பேசுவது நாகரிகம் தெரியாத செயலாகப் பார்க்கப்பட்டது. செருப்பைப் பற்றிய கேலி மாதிரி ஆரம்பிப்பது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

'நாகரிகம்' என்ற சொல்லுக்கு உள்ளேயே நகரம் இருக்கிறது. வடமொழியில் நகரம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான் நாகரிகன், நாகரிகம் எல்லாம். அதே வடமொழியில் கிராமத்திலிருந்து பிறந்த 'கிராம்யம்' என்ற சொல், கவிதையில் வரக்கூடாத கொச்சையைக் குறித்தது. ஆங்கிலத்தின் 'அர்பேன்' என்ற சொல்லுக்கும் வேர், நகரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். ஆக, மரியாதை தெரிந்தவர் என்று சொல்வதும் நகரத்துக்காரர் என்று சொல்வதும் பல மொழிகளில் ஏறக்குறைய ஒன்றே.

தமிழில் ஒரு சுவாரசியமான விதிவிலக்கு: திருக்குறளில் 'கண்ணோட்டம்' அதிகாரத்தில் வரும் நாகரிகம் என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் கண்ணோட்டம், அதாவது இரக்கம். டவுனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வில்லன் யார் தெரியுமா?

சினிமாவில் கடைசி வரை ஹீரோவிடம் அடி வாங்கும் 'வில்லன்' ஒரு காலத்தில் விவசாயக் கூலி. லத்தீனில் 'வில்லா' என்றால் கிராமத்துப் பண்ணை. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு வேலை செய்தவர் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, நிலப்பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூட உரிமை இல்லாத குடியானவரை அந்தச் சொல் குறித்தது. பிறகு தாழ்ந்தவன், அப்புறம் கெட்டவன், கடைசியில் கதையின் வில்லன்.

'போர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். முரடன், பண்பில்லாதவன் என்று இப்போது பொருள். ஆனால், விவசாயி என்ற டச்சுச் சொல்லோடு தொடர்புள்ளது அது. அதே டச்சுச் சொல்லைத் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர் 'போயர்' என்று தங்களுக்கே பெருமையாக வைத்துக்கொண்டார்கள். ஒரே சொல், ஓர் இடத்தில் திட்டு, இன்னோர் இடத்தில் ஒரு சமூகத்தின் பெயர்.

சர்க்கஸ் கோமாளியைக் குறிக்கும் 'க்ளவுன்' என்ற சொல்கூட, 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கிராமத்து ஆளைக் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் குழி வெட்டும் இரண்டு தொழிலாளிகள் மேடைக்கு வரும் இடத்தில், அவர்களை 'க்ளவுன்' என்றுதான் நாடகப் பிரதி குறிப்பிடுகிறது. சிரிப்புக் காட்டுபவர் என்றாலே கிராமத்து ஆள் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

ரிச்சர்டின் செல்லப் பெயர்

வேலையின் பெயர் திட்டாவது ஒரு வழி. இன்னொன்று, கிராமத்தில் அதிகம் வைக்கும் பெயரையே திட்டாக்குவது. நம்ம ஊரில் முனியாண்டி, குப்புசாமி என்ற பெயர்களைக் காமெடி டிராக்குக்கு ஒதுக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஹிக்' என்றால் ஒன்றும் தெரியாத கிராமத்தான். ஆனால், அது ரிச்சர்ட் என்ற பெயரின் பழைய செல்லச் சுருக்கம். 1690-களின் இறுதியில் லண்டனில், திருடர்கள் தங்களுக்குள் பேசும் குழூஉக்குறிச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதி வெளிவந்தது. அதில் 'ஹிக்' என்பதற்கு எளிதாக ஏமாற்றிக் கொள்ளையடிக்கத் தோதான ஆள், விவரமில்லாத கிராமத்தான் என்று இரண்டு பொருளும் சேர்த்தே தரப்பட்டிருக்கின்றன.

இதுதான் முக்கியம். இந்தச் சொல்லைப் புழங்கியவர்கள் வெறும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஊருக்குப் புதுசு, கையில் காசு இருக்கு, கேட்க ஆளில்லை என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட சிக்னல் அது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "ஊருக்குப் புதுசா?" என்று விசாரிக்கும் குரலுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

ஓட்டு கேட்ட 'ஹாட்ஜ்'

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விவசாயக் கூலிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒரே பெயர் வைத்திருந்தார்கள்: 'ஹாட்ஜ்'. ரோஜர் என்ற பெயரின் சுருக்கம். பத்திரிகைக் கட்டுரைகளிலும் அரசியல் பேச்சிலும் ஹாட்ஜ் என்றால் மந்தமாக நடக்கிற, சேறு படிந்த பூட்ஸ் போட்ட, நாலு வார்த்தை கோவையாகப் பேச வராத ஓர் உருவம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நகரத் தொழிலாளிகளில் கணிசமானவர்களுக்கு 1867-லேயே ஓட்டு கிடைத்துவிட்டது. கிராமத்துக் கூலிகளுக்கு இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், அந்த ஹாட்ஜ் உருவமே பதிலாக நின்றது. இவனுக்கு ஓட்டு கொடுத்தால் என்ன செய்யத் தெரியும்? பண்ணையார் சொல்கிறபடிதானே போடுவான்?

இதற்கு 1883-ல் ஒருவர் பதில் எழுதினார். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. தன் சொந்த வட்டாரமான டார்செட் பகுதியின் தொழிலாளர்களைப் பற்றி 'லாங்மன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை அது. ஹாட்ஜைத் தேடிக்கொண்டு நகரத்திலிருந்து ஓர் ஆள் கிராமத்துக்கு வந்து, அவர்கள் வீட்டிலேயே சில மாதம் தங்கினால் என்ன ஆகும் என்று அதில் கேட்கிறார். தேடி வந்த ஹாட்ஜ் எங்கேயும் இருக்க மாட்டான். அவனுக்குப் பதிலாக ஒருவர் கெட்டிக்காரர், ஒருவர் சிடுமூஞ்சி, ஒருவர் சிந்தனையாளர் என்று தனித்தனி மனிதர்கள்தான் இருப்பார்கள் என்பது அவர் வாதம். 1891-ல் வெளிவந்த 'டெஸ்' நாவலிலும் இதே கருத்தை ஒரு பாத்திரத்தின் அனுபவமாகத் திரும்பச் சொன்னார்.

1884-ல் சட்டம் வந்தது. கிராமப்புறத்தில் குடும்பத் தலைவராக இருந்த ஆண் தொழிலாளிகளுக்கும் ஓட்டு கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜோசப் ஆர்ச் என்பவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். சிறு வயதிலேயே வயலில் இறங்கி, வேலி வெட்டிப் பிழைத்து, 1872-ல் விவசாயக் கூலிகளுக்குத் தேசிய அளவில் சங்கம் கட்டியவர். ஒன்றும் பேசத் தெரியாது என்று சொல்லப்பட்ட கூட்டத்திலிருந்து போனவர்.

கடல் தாண்டிய கேலி

அமெரிக்காவிலும் இதே கதைதான், வேகம் மட்டும் அதிகம். 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது, பெரிய நகரங்கள் வந்தன, ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ் வந்தது. கூடவே புதுச் சொற்களும் வந்து குவிந்தன. தலையில் வைக்கோல் தூசி ஒட்டியிருப்பவர் 'ஹேசீட்'. ரூபன் என்ற பைபிள் பெயர் அந்தக் கால கிராமங்களில் சகஜம். அதைச் சுருக்கி 'ரூப்'. சர்க்கஸ்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் கைகலப்பு வந்தால், தங்கள் ஆட்களைத் துணைக்குக் கூப்பிடும் குரலே 'ஹே ரூப்!'.

ஆனால், விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. ரயில் கட்டணமும் வட்டியும் கழுத்தை நெரித்த 1890-களில் 'மக்கள் கட்சி' என்று சொந்தமாகக் கட்சி தொடங்கினார்கள். கூட்டங்களில் தங்களைத் தாங்களே 'ஹேசீட்' என்று சொல்லிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஆமாம், நாங்க வைக்கோல் தூசிதான், இப்ப என்னங்கிற தொனி.

1935 ஜூலையில் 'வெரைட்டி' என்ற சினிமா இதழ் போட்ட தலைப்பு அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றில் ரொம்பப் பிரபலம்: 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்'. கிராமத்துப் படங்களைக் கிராமத்து ரசிகர்களே விரும்பவில்லை என்பதுதான் அந்த எதுகை மோனையின் சாரம். ஹாலிவுட் காட்டிய கிராமம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் 'பூண்டாக்ஸ்' என்றால் அத்துவானக்காடு. 1898-க்குப் பிறகு பிலிப்பைன்ஸைப் பிடித்த அமெரிக்க ராணுவத்தினர் அங்கிருந்து கொண்டுவந்த சொல் அது. தகாலோக் மொழியில் 'புந்தோக்' என்றால் வெறும் மலை.

ஹில்பில்லி: திட்டிலிருந்து சட்டம் வரை

மலை என்றதும் வருவது ஹில்பில்லி. அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் மலைப் பகுதியில் வாழும் ஏழை வெள்ளையர்களைக் குறிக்கும் சொல். 1900 ஏப்ரலில் நியூயார்க்கின் ஒரு நாளிதழ் இந்தச் சொல்லுக்கு விளக்கமே எழுதியது. கையில் காசில்லாதவர், கிடைத்ததை உடுத்துபவர், கிடைக்கும்போது விஸ்கி குடிப்பவர், தோன்றும்போது துப்பாக்கியால் சுடுபவர் என்று போகிறது அந்த வர்ணனை.

1925-ல் அந்தப் பகுதியிலிருந்து ஓர் இசைக்குழு இசைத்தட்டு பதிவு செய்ய நியூயார்க் போனது. குழுவுக்கு என்ன பெயர் என்று கேட்டபோது, நாங்க ஹில்பில்லி கூட்டம், எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி குழுத் தலைவர் அல் ஹாப்கின்ஸ் சொல்ல, 'தி ஹில் பில்லீஸ்' என்பதே பெயரானது. ஊரில் இருப்பவர்கள் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் குழுவுக்குள் இருந்தது. ஆனாலும் பெயர் நிலைத்தது, அந்த இசை வகைக்கே 'ஹில்பில்லி மியூசிக்' என்று பெயர் பரவியது. அந்தப் பெயர் வேண்டாம் என்று எர்னஸ்ட் டப் போன்ற பாடகர்கள் வற்புறுத்தினார்கள். 1940-களின் இறுதியில் இசைத் துறை 'கன்ட்ரி' என்ற சொல்லுக்கு மாறியது. இன்று உலகம் முழுக்க விற்கும் கன்ட்ரி மியூசிக்கின் பழைய பெயர், ஒரு திட்டு.

பாட்டுக்குப் பெயர் மாறியது. பாடியவர்களின் சொந்தக்காரர்களுக்கு மாறவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் வந்து வேலை போனதும், 1940 முதல் 1970 வரை லட்சக்கணக்கான மலைவாசிகள் ஒஹாயோ, மிச்சிகன், இல்லினாய் மாநிலங்களின் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் வந்த சாலைகளுக்கே 'ஹில்பில்லி ஹைவே' என்று பட்டப்பெயர். வாடகைக்கு வீடு கேட்கும்போதும் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கும்போதும் பேச்சு வழக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. டிவியில் 1962 முதல் 1971 வரை 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' ஓடியது, நாடே சிரித்தது.

1992-ல் சின்சினாட்டி நகர நிர்வாகம் கொண்டுவந்த மனித உரிமைச் சட்டத்தில், இனம், மதம், பாலினம் போன்றவற்றோடு இன்னொன்றும் சேர்க்கப்பட்டது: அப்பலாச்சிய வட்டாரப் பூர்வீகம். அந்தக் காரணத்துக்காக ஒருவருக்கு வீடோ வேலையோ மறுக்கக்கூடாது. ஒரு கேலிப் பேச்சின் விளைவைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அது வெறும் கேலியாக இருந்திருக்க முடியாது.

2016-ல் ஜே.டி.வான்ஸ் தன் குடும்பக் கதையை 'ஹில்பில்லி எலிஜி' என்ற பெயரில் எழுதினார். புத்தகம் விற்றுத் தீர்ந்தது, 2020-ல் படமானது, 2025 ஜனவரியில் அவர் அமெரிக்கத் துணை அதிபரானார். மலைவாசிகளின் வறுமைக்கு அவர்களின் பழக்கவழக்கத்தையே காரணம் காட்டுகிறார் என்று அப்பலாச்சிய எழுத்தாளர்கள் பலர் அந்தப் புத்தகத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டைப் பெருமையாக மாற்றுவது சரி, அதை யார் யாருக்காக மாற்றுகிறார் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

'ரெட்நெக்' என்ற இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெயிலில் குனிந்து வேலை செய்து சிவந்த பின்கழுத்து. 1921-ல் மேற்கு வர்ஜீனியாவில் சங்கம் அமைக்கும் உரிமைக்காக ஆயுதம் ஏந்திய சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளிகள், அடையாளத்துக்காகக் கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்கள். கறுப்பர், வெள்ளையர், இத்தாலியில் இருந்து வந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அவர்களையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள்.

சரி, பட்டிக்காடு என்றால் என்ன?

இப்போது நம்ம சொல்லுக்கு வருவோம். பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம், சிற்றூர் என்றும் பொருள். ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி எல்லாம் அந்த வழியில் வந்த பெயர்கள்தான். காடு என்பது வெறும் வனம் இல்லை. கொங்கு வட்டாரத்தில் இன்றும் "காட்டுக்குப் போறேன்" என்றால் வயலுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மாடும் வயலும் சேர்ந்த இடம் பட்டிக்காடு. வில்லானுஸ் கதையேதான், வேலையின் இடம் திட்டாகிவிட்டது. வகுப்பில் கணக்கு வராத பையனிடம் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்லும்போதும் அடி விழுவது பையனுக்கு மட்டும் இல்லை, நிஜமாகவே மாடு மேய்த்து அவனைப் படிக்க அனுப்பிய அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

தமிழ் சினிமா இந்த மோதலை வைத்து நிறையவே சம்பாதித்திருக்கிறது. 1972-ல் சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தின் தலைப்பே போட்டி அறிவிப்பு மாதிரி இருக்கும். 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' கேமராவை நிஜ கிராமத்துக்கே கொண்டுபோனது.

'நாட்டுப்புறத்தான்' என்பதும் முன்பு இளக்காரமான சொல்தான். இன்று நாட்டுப்புறப் பாடல், நாட்டுப்புறவியல் என்று பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது. ஹில்பில்லி மியூசிக் கன்ட்ரி மியூசிக் ஆன மாதிரி.

கேலியை எதிர்க்கிறோம் என்று கிராமத்தைச் சொர்க்கமாக்கிவிடவும் முடியாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சொன்னார். அவர் சாடியது கிராமத்தின் சாதி அமைப்பை. பட்டிக்காட்டான் என்ற கேலி குறிவைப்பது மனிதரின் உடையையும் பேச்சையும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேலிச் சொல்லுக்கு நிலம் வைத்திருப்பவரும் ஒன்றுதான், அவர் வயலில் கூலி வாங்குபவரும் ஒன்றுதான்.

அதே 'காட்டான்', இன்னொரு நாட்டில்

கடல் தாண்டி இலங்கையில் இதே சொல்லின் இன்னொரு வடிவம் உண்டு. 'தோட்டக்காட்டான்'. 1820-கள் தொடங்கித் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சாவளியினரைக் குறித்த வசை இது. இதைச் சொன்னவர்களில் தமிழ் பேசுபவர்களும் இருந்தார்கள். ஒரே மொழி, ஒரே சாமி, ஆனாலும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்றால் வேறு ஆள்.

நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஓட்டு போனது. லட்சக்கணக்கானோர் தங்களுக்குத் தெரியாத இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதம் இருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 வரை ஆனது.

அரசு ஆவணங்கள் அவர்களை நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' என்றே எழுதின. அவர்களாகத் தேர்ந்துகொண்ட பெயர் வேறு: மலையகத் தமிழர். மலை உண்டு, காடும் இல்லை, காட்டானும் இல்லை. 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், முன்னோர்கள் கப்பலிறங்கி நடந்துபோன வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களில் பலர் மறுபடி நடந்தார்கள். 200 ஆண்டு நிறைவை ஒட்டிய அந்த நடைபயணத்தில் காணிக்கும் வீட்டுக்கும் கோரிக்கை இருந்தது. 'மலையக மக்கள்' என்ற பெயரில்தான் அதைக் கேட்டார்கள்.